குரலும் பெயரும்

ஒரு பாடல் நாடெங்கும் பரவிவிட்டால் அதன் கதை நிறைவுற்றது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தேநீர்க் கடையில் ஒலிக்கிறது, திருமணப் பந்தலில் ஒலிக்கிறது, நெடுந்தூரப் பேருந்தில் ஒலிக்கிறது. இதற்குமேல் ஒரு பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோம். எனினும், பாட்டு பரவுவதும் அப்பாட்டைப் பெற்றெடுத்த மக்களின் பெயர் பரவுவதும் ஒன்றாகா. பல வேளைகளில் முன்னது நிகழும்போது பின்னது மறைந்தே போகிறது. மெட்டு வீடு வீடாகச் செல்கிறது. அதைக் கட்டியவர் தம் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறார்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காணத்தக்க இடம் வடசென்னை. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலையொட்டி நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியும், அதன் பின்னே வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் என விரியும் உழைப்பாளர் குடியிருப்புகளும் தமிழ் வெகுமக்கள் இசைக்கு அளித்த கொடை கானா. அந்தக் கொடையைப் பெற்றுக்கொண்டவர்கள் பலர். கொடுத்தவரின் பெயரைக் கேட்டவர்கள் சிலர். அக்கலை ஒலிப்பதிவுக்குள் நுழைந்த கதையைச் சில பாடல்களின் வழியே எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. கானாவின் பிறப்பிடமே நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது.

இழவு வீட்டின் இலக்கணம்

1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1875இல் சென்னையின் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கிற்று. பெரம்பூரில் எழுந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தன. 1918இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் உருவாயிற்று. செங்கற்பட்டு, ஆற்காட்டுப் பகுதிகளின் சிற்றூர்களில் நிலமில்லாதவராயும் சாதியால் தாழ்த்தப்பட்டவராயும் வாழ்ந்த மக்கள், மூட்டை தூக்கவும் தறி ஓட்டவும் கரி அள்ளவும் இங்கு வந்து குடியேறினர். இவர்களுக்கு முன்பே மீனவர் குப்பங்கள் கரையோரம் இருந்தன. ஊர்ப்புறத்துப் பாட்டும், துறைமுக நகரில் புழங்கிய உருதும் தெலுங்கும் ஆங்கிலமும், பின்னாளில் வந்த திரைப்பட மெட்டும் கலந்து ஒரு புதிய பாட்டு வகை பிறந்தது. கானா என்னும் சொல் பாடலைக் குறிக்கும் இந்திச் சொல் என்பர் பலர். கானம் என்பதன் திரிபு என்பாரும் உளர். சொல் எங்கிருந்து வந்தாலும், பொருள் இவ்வூர்த் தெருக்களில்தான் விளைந்தது.

கானா பாடப்படாத நிகழ்ச்சி இல்லை. திருமணத்தில் உண்டு, பிறந்தநாளில் உண்டு, வேலை முடிந்த மாலை நேரத்து நண்பர் வட்டத்திலும் உண்டு. ஆயினும் அதன் ஆழ்ந்த வடிவம் மரண கானாவே. ஒருவர் இறந்தார் எனில், அடக்கம் முடியும்வரை வீட்டார் கண்ணயராமல் காத்திருக்கும் இரவில், பந்தலின் கீழே டோலக்கும் சட்டியும் வைத்துக்கொண்டு பாடகர் அமர்கிறார். பாடுவதற்கு முன் வீட்டாரிடம் சிலவற்றைக் கேட்டறிகிறார். இறந்தவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் எத்தனை, அக்காள் தங்கை யார், எதை விரும்பினார், எப்படி இறந்தார். கேட்டவற்றையெல்லாம் உடனுக்குடன் பாட்டில் பின்னுகிறார். மெட்டு பழைய திரைப்படத்தினுடையதாக இருக்கலாம்; அதைப் பற்றி அங்கு எவரும் கவலைப்படுவதில்லை. பெயர் சரியாக இருக்க வேண்டும். முறை சரியாக இருக்க வேண்டும். மாமனை மாமன் என்றும் மச்சானை மச்சான் என்றும் பாட்டு அழைக்க வேண்டும். அவ்வழைப்பைக் கேட்கும்போதே வீட்டார் விம்முகின்றனர். விம்மி, ஓரளவு ஆறுகின்றனர்.

இது நமக்குப் புதிய இலக்கணமன்று. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று இரங்கிப் பாடுவதைக் கையறுநிலை என்று நம் முன்னோர் ஒரு துறையாகவே வகுத்தனர். பாரியை இழந்த கபிலரும் அதியமானை இழந்த ஔவையாரும் பாடியவை அத்துறையின. வீழ்ந்த வீரனின் பெயரையும் பெருமையையும் நடுகல்லில் பொறித்த வழக்கமும் அதே உணர்விலிருந்து எழுந்தது. திருவிவிலியத்தில் தாவீது, சவுலையும் யோனத்தானையும் பெயர் சொல்லிப் புலம்பிய பாட்டை நாம் அறிவோம். அப்புலம்பலை யூதாவின் மக்களுக்குக் கற்பிக்குமாறு அவர் பணித்தார் என்பதையும், அது ஓர் ஏட்டில் எழுதிவைக்கப்பட்டது என்பதையும் சாமுவேலின் இரண்டாம் நூல் குறிப்பிடுகிறது. இறந்தோர் பெயர் மறைந்துபோகக் கூடாது என்பதற்காகப் பாட்டைப் பதிவு செய்யும் எண்ணம் அவ்வளவு பழமையானது.

அரசருக்கும் வீரருக்கும் புலவர் செய்ததை, மூட்டை தூக்கியவருக்கும் வலை இழுத்தவருக்கும் செய்து காட்டியது கானா. நாளேட்டில் இரங்கல் செய்தி வராத மனிதருக்கு, ஓர் இரவு முழுவதும் அவர் பெயரே பாட்டாகிறது. எனவே கானாவிலிருந்து பிறந்த எந்தப் பாடலையும், அது யாருடைய பெயரைச் சொல்கிறது என்று கேட்டு மதிப்பிடுவது முறையாகும்.

இரவல் குரல்

வடசென்னைப் பேச்சு திரைக்கு வந்தது முதலில் நகைச்சுவையாகத்தான். 1958இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’வில் ஜே.பி. சந்திரபாபு இரட்டை வேடம் ஏற்றார். அவற்றுள் ஒன்று ரிக்‌ஷாக்காரர் வேடம். தூத்துக்குடியில் 1927இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் கொழும்பில் வளர்ந்து, பின்னர் சென்னைக்கு வந்த அவர், இந்நகரத் தெருப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாகக் கைக்கொண்டார். அவருடைய குரலில் மேலைநாட்டு இசையின் குழைவும் சென்னைத் தெருவின் துடுக்கும் ஒன்றாய்க் கலந்தன. 1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா பாடிய சென்னைத் தமிழ்ப் பாட்டு ஊரெல்லாம் முழங்கிற்று. இருவரும் பெருங்கலைஞர்கள், இருவரிடமும் ஏளனம் இல்லை, அன்பே இருந்தது. எனினும் இருவரும் அந்தப் பேச்சை வெளியிலிருந்து கற்று நடித்தவர்கள். அவர்கள் நடித்த மனிதர்களுக்குத் திரைக்கதை ஒரு வகைமாதிரியை அளித்ததே தவிர, உற்றார் உறவினரோடும் துயரோடும் கூடிய முழு வாழ்க்கையை அளிக்கவில்லை.

1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவின் தாளத்தை நகைச்சுவை நடிகரின் தனிக் காட்சியிலிருந்து எடுத்துப் படத்தின் நடு மையத்தில் அமர்த்தினார். 1996இல் வந்த ‘காதல் கோட்டை’யிலும், 1998இல் வந்த ‘கண்ணெதிரே தோன்றினாள்’ படத்திலும் அவரே பாடிய கானாப் பாடல்கள் தமிழகத்தின் எல்லா மூலைகளுக்கும் சென்றன. சென்னை உச்சரிப்பை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிய இளைஞர் பலர் அந்நாளில் அதை உரக்கப் பாடினர். இது சிறிய தொண்டன்று. கானா என்னும் சொல்லைத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொண்டுசென்றவர் அவர் என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் அங்கே ஓர் இழப்பு நேர்ந்தது. திரைக்கு வந்த கானாவில் நட்பு இருந்தது, குடி இருந்தது, காதல் தோல்வி இருந்தது, பெண்ணைக் குறைகூறும் கேலியும் இருந்தது. சாவு மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால், ஒலிப்பதிவின் இயல்பே அதற்கு விடை தருகிறது. மரண கானா ஓர் இரவு நீளும். திரைப்பாடல் ஐந்து நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். மரண கானா ஒரே ஒருவருக்காக, ஒரே ஒருமுறை பாடப்படுகிறது. ஒலிநாடாவோ பல்லாயிரம் வீடுகளில் பல்லாயிரம் முறை சுழல வேண்டும். குறிப்பிட்ட தெருவின் குறிப்பிட்ட மனிதருடைய பெயர் அந்தச் சுழற்சிக்குத் தடை. ஆகவே பெயரை நீக்கி, எவருக்கும் பொருந்தும் ‘மச்சி’யையும் ‘மாமே’யையும் அவ்விடத்தில் வைத்தார்கள். தாளம் தப்பிப் பிழைத்தது. அந்தத் தாளம் யாருக்காக எழுந்ததோ அந்த மனிதர் வெளியே நின்றார்.

பாடகர் திரையில் தோன்றியபோது

2006ஆம் ஆண்டில் இயக்குநர் மிஷ்கினின் முதல் படமான ‘சித்திரம் பேசுதடி’ வெளிவந்தது. சுந்தர் சி. பாபு இசையமைத்த அப்படத்தில் கானா உலகநாதன் மீன்களின் திருமணத்தைப் பற்றிப் பாடிய பாட்டு, படத்தைவிட வேகமாகப் பரவியது. நடிகர் ஒருவர் வாயசைக்கவில்லை. பாடகரே திரையில் தோன்றித் தம் உடல்மொழியோடு பாடினார். அதுவரை மறைவில் நின்ற மனிதர் இப்போது முகத்தோடு வந்தார்; ‘கானா’ என்னும் சொல் அவர் பெயருக்கு முன் ஒரு பட்டம்போல் நின்றது.

அந்தப் பாட்டை வெறும் வேடிக்கைப் பாட்டு என்று தள்ளிவிட்டவர் பலர். சற்று உற்றுக் கேட்டால் அதனுள் பழைய இலக்கணம் உயிரோடிருப்பது புலப்படும். மணமகன் ஒரு மீன். மணமகள் ஒரு மீன். உறவினர், விருந்தினர், ஊர்கோலம் வருவோர் என ஒவ்வொருவரும் ஒரு மீன். ஒவ்வொரு மீனுக்கும் பெயர் உண்டு, முறை உண்டு, செய்ய வேண்டிய சடங்கு உண்டு. இழவு வீட்டில் உறவினரை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் அதே வரிசைதான் இங்கு மணவீட்டுக்கு மாறியிருக்கிறது. மீன்களின் பெயரை இவ்வளவு உரிமையோடு அடுக்கக் கூடியவர், அவற்றை நாள்தோறும் கண்டும் விற்றும் உண்டும் வாழ்கிற மக்கள்தாம். காசிமேட்டுக் கரையில் விடியற்காலை ஏலத்தைக் கண்டவர் எவரும் அப்பாட்டில் கேலியை மட்டும் கேட்க மாட்டார். தங்கள் உலகைத் தாங்களே பெயரிட்டு மகிழும் பெருமிதத்தையும் கேட்பர்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2012இல், பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வந்தது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த முதல் படம் அது. சட்டம் படித்தவரான கானா பாலா அதில் தாமே எழுதிப் பாடிய பாடல்கள் அவரைப் பரவலாக அறியச் செய்தன. பாடுகிறவரே எழுதுகிறவராகவும் அமைந்ததால் சொல்லில் ஒரு மாற்றம் தெரிந்தது. சென்னைப் பேச்சை மிகைப்படுத்திச் சிரிப்பூட்ட வேண்டிய தேவை அவருக்கில்லை. அது அவர் வீட்டில் பேசும் மொழி. காதலின் ஏமாற்றத்தைப் பாடும்போதும் அவர் குரலில் ஒப்பாரியின் இழைவு ஒன்று அடியில் ஓடுகிறது.

அந்த இழைவு முழுமையாக வெளிப்பட்டது 2014இல் வந்த ‘மெட்ராஸ்’ படத்தில். வியாசர்பாடியைக் களமாகக் கொண்ட அக்கதையில், அரசியல் ஆசையும் துடிப்பும் கொண்ட அன்பு என்னும் இளைஞர் கொல்லப்படுகிறார். அவருடைய இறுதிச் சடங்கில் கானா பாலாவின் குரலில் மரண கானா ஒலிக்கிறது. இறந்தவரை நேரே விளித்து, இதற்காகவா பிறந்தாய் என்று அது வினவுகிறது. பல்லாண்டுகளாகத் திரை தவிர்த்துவந்த இழவு வீட்டுக்குக் கானா மீண்டும் வந்துசேர்ந்தது. கதையில் வரும் ஒருவர்க்கான பாட்டுத்தான் அது. ஆனாலும், வடசென்னை இளைஞர் ஒருவரின் சாவைத் தமிழ்த் திரை செய்தியாகவோ சண்டைக் காட்சியின் முடிவாகவோ காட்டாமல், துக்கம் காக்க வேண்டிய சாவாகக் காட்டிற்று. சிறைக்கும் கத்திக்கும் உரியவர்கள் என்று திரை முத்திரை குத்திய மக்கள், அழுவதற்கும் அழப்படுவதற்கும் உரியவர்கள் என்பதை அப்பாட்டு நிலைநாட்டியது. இக்காரணத்தால், இசை நுணுக்கத்தில் அதைவிட மேலான பாடல்கள் இருப்பினும், இவ்வரிசையில் அதற்குத் தனியிடம் உண்டு.

எண்ணூருக்கு வந்த இராகமாலிகை

இதுவரை கண்டவை வடசென்னையிலிருந்து வெளியே சென்ற குரல்கள். வெளியிலிருந்து வடசென்னைக்கு வந்த குரல் ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ என்னும் ஒலி-ஒளிப் பதிவு வெளியாயிற்று. பாடியவர் கருநாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா; சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதியவர் கபேர் வாசுகி; இசையமைத்தவர் வயலின் கலைஞர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், காட்சிப்படுத்தியவர் இரதீந்திரன் பிரசாத். ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி, சிந்துபைரவி முதலான இராகங்கள் மாலையாகத் தொடுக்கப்பட்டுள்ளன. அரங்க மேடைக்கு மாறாக, எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் சேற்றிலும், அனல் மின்நிலையங்களின் புகைபோக்கிகளுக்கு எதிரிலும் பாடகர் நின்று பாடுகிறார்.

புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். தனியாருக்குப் பட்டாவாகாத, தீர்வை விதிக்கப்படாத ஏரி, குளம், மேய்ச்சல் வெளி, ஆற்றுப்படுகை, சுடுகாடு, கடற்கரை ஆகிய பொது நிலங்களைக் குறிப்பது. வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணம் வேரூன்றியபின், அச்சொல்லே மனிதரை இழிக்கும் வசைச் சொல்லாயிற்று. நிலத்துக்கு நேர்ந்த அவமதிப்பு அந்நிலத்தை நம்பி வாழ்ந்தோருக்கும் நேர்ந்தது. அப்பாட்டு வசையைத் திருப்பி எடுத்து, எல்லாருக்கும் பொதுவானது என்னும் பழைய பொருளை அதற்கு மீட்டளிக்கிறது. ஒரு சொல்லைக் கழுவித் தூய்மைப்படுத்துவதும் பெயர் சொல்லும் பணியின் ஒரு பகுதியே.

கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் ஒரு காலத்தில் இறாலுக்கும் நண்டுக்கும் பெயர்பெற்றது. 1970இல் இயங்கத் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின்நிலையம், 1990களின் நடுவில் வந்த வடசென்னை அனல் மின்நிலையம், பின்னர் வந்த வல்லூர் மின்நிலையம், 2001இல் திறக்கப்பட்ட துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாக அக்கரையில் எழுந்தன. குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் குழம்பு ஆற்றின் அடியில் படிந்தது. பாடல் வெளியான அதே சனவரியின் 28ஆம் நாள், துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டிற்று. மீனவரும் தன்னார்வலரும் வாளிகளால் அதை அள்ளியதை நாடே கண்டது. 2023 திசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து மீண்டும் அக்கழிமுகத்தில் பரவிற்று. பாடல் பாடிய துயரம் பாட்டோடு முடியவில்லை.

இசையளவில் இம்முயற்சி வென்றதா? தெருப் பேச்சும் செவ்விசையும் ஒட்டாமல் போய்விடும் என்று அஞ்சியவர் உண்டு. ஆனால் ஆனந்தபைரவி தாலாட்டிலும் ஊஞ்சல் பாட்டிலும் நெடுங்காலமாகப் புழங்கிய பண். மக்கள் வாயிலிருந்தே அரங்குக்குச் சென்றது என்று கருதப்படுவது. அது தெருவுக்குத் திரும்பி வந்தபோது அன்னியமாக ஒலிக்கவில்லை. கமகங்களின் மீது சென்னைச் சொற்கள் ஏறி நிற்கும் இடங்களில், எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்னும் நம் பழக்கப்பட்ட எண்ணம் சற்றே தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே இப்பதிவின் கலை வெற்றி.

குறையும் ஒன்று உண்டு. எண்ணூரின் பெயர் உரக்கச் சொல்லப்பட்டது. எண்ணூரார் எவருடைய குரலும் அதில் பாடவில்லை. பாடியவர் இதை அறியாதவர் அல்லர். ஊரூர் ஆல்காட்டுக் குப்பத்தில் 2015 முதல் நடைபெற்ற விழாவின் வழியே மீனவர் குப்பத்துக்கும் செவ்விசைக்கும் இடையிலான மதிலைத் தகர்க்க முயன்றவர் அவர். ஆயினும் இழவு வீட்டின் வழக்கப்படி பார்த்தால், இப்பாடல் துக்கம் கேட்க வந்த அன்பர் ஒருவரின் உண்மையான அழுகை. அதற்கு நாம் நன்றி சொல்கிறோம். வீட்டாரின் அழுகை அதைத் தொடர்ந்து பதிவாக வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம்.

வாசலைக் கடந்த பெண்

அந்த எதிர்பார்ப்புக்கு ஓரளவு விடையாக, அடுத்த ஆண்டே ஒரு மேடை அமைந்தது. 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு முதன்முறையாகப் பாடிற்று. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய அக்குழுவில் பத்தொன்பது பேர் இருந்தனர். சாதி பேதமற்றவர் என்று தம் மக்கள் தம்மைப் பெயரிட்டுக்கொள்ள வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முழங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து குழுவின் பெயர் எடுக்கப்பட்டது. சட்டியும் கட்டை மோளமும் பறையும் தவிலும், மின்கித்தாரோடும் சொல்லிசையோடும் ஒரே மேடையில் நின்றன.

அக்குழுவில் இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி பாடினார். அதன் பொருளை உணர, இழவு வீட்டுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். அங்கே இரண்டு பாட்டுகள் உண்டு. வீட்டினுள் பெண்கள் ஒருவரையொருவர் தழுவி ஒப்பாரி வைக்கின்றனர். வெளியே பந்தலில் ஆண்கள் கானா பாடுகின்றனர். இரண்டும் ஒரே இறந்தவருக்காக, ஒரே இரவில் எழுகின்றன. இடையில் ஒரு வாசற்படி. ஒலிநாடாவுக்கும் திரைக்கும் சென்றது வாசலுக்கு வெளியே இருந்த ஆண் பாட்டு. ஒப்பாரியோ பதிவாகாமல் உள்ளேயே நின்றது. இதன் விளைவாகத்தான் பதிவான கானாவில் பெண் பெரும்பாலும் பேசப்படுகிறவளாக, அதுவும் ஏமாற்றுகிறவளாகவே வந்தாள். கானாவைப் போற்றுகிற நாம் இக்குறையை மூடி மறைத்தலாகாது. தம்மை இழிவுபடுத்தும் உலகை எதிர்த்து எழுந்த பாட்டு, தம் வீட்டுப் பெண்ணை இழிவுபடுத்துமானால், அது தன் வேரையே வெட்டிக்கொள்கிறது.

இசைவாணி அந்த வாசற்படியைக் கடந்தார். பந்தலின் கீழே ஆண்கள் நடுவில் அமர்ந்து, அதே தாளத்தில், அதே பேச்சில் பாடினார். 2020ஆம் ஆண்டில் பிபிசி நிறுவனம் உலகெங்குமிருந்து தெரிந்தெடுத்த நூறு பெண்களின் பட்டியலில் அவர் இடம்பெற்றார். பட்டியலைவிடப் பெரிது வேறொன்று. கானா பாடும் பெண் ஒருத்தி உண்டு என்று அறிந்தே இனி வடசென்னைச் சிறுமியர் வளர்வர்.

இக்குழுவின் பாடல்கள் அனைத்தும் ஒரே தரத்தன என்று சொல்வதற்கில்லை. இடஒதுக்கீடு, உணவு உரிமை ஆகியவை பற்றிய சில பாடல்களில் முழக்கம் பாட்டை முந்திக்கொள்கிறது. கோரிக்கையின் பெயர் கேட்கிறது. மனிதரின் பெயர் கேட்பதில்லை. மரண கானாவின் ஆற்றல் கோரிக்கையில் இல்லை. ஒரே ஒரு மனிதரை முழுமையாக நம் கண்முன் நிறுத்துவதில் இருக்கிறது. அந்த ஆற்றலைக் கைவிடாத இடங்களிலேயே இக்குழு உள்ளத்தைத் தொடுகிறது.

பெயர் சொல்லும் கடமை இன்று எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றும் அண்மையில் நடந்தது. இதே குழுவில் பாடிய, அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, பாடகி தீயுடனும் சந்தோஷ் நாராயணனுடனும் இணைந்து 2021 மார்ச்சில் வெளியிட்ட ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகெங்கும் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வையும், நிலமற்ற தம் முன்னோரையும் அறிவு அதில் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு ஓர் இசை இதழின் முகப்பு அப்பாடலைக் கொண்டாடியபோது அறிவின் படம் அதில் இல்லை. 2022 சூலையில் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்து அதில் உழைத்தோரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அதில் நாம் தீர்ப்புக் கூறத் தேவையில்லை. மறக்கப்பட்டோரை நினைவுகூர எழுந்த பாட்டே, தன்னை ஆக்கியவருள் ஒருவரை மறக்கக் கூடிய சூழலில் அகப்பட்டது என்பதைக் கவனித்தால் போதும்.

கேட்போரின் கடன்

சந்திரபாபுவின் காலத்தில் பேச்சு மட்டும் திரைக்கு வந்தது. தேவாவின் காலத்தில் தாளம் வந்தது. உலகநாதனோடு முகம் வந்தது. பாலாவோடு எழுத்தும் துக்கமும் வந்தன. இசைவாணியோடு பெண் வந்தார். எண்ணூர்ப் பாடலில் நிலத்தின் பெயர் தன் மதிப்பைத் திரும்பப் பெற்றது. இவற்றுள் எதுவும் தானாக நிகழவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், பாட்டோடு பாடியவரையும் உள்ளே அழைக்க வேண்டும் என்று துணிந்ததால் நிகழ்ந்தது.

அத்துணிவில் கேட்போராகிய நமக்கும் பங்குண்டு. நம் விழாக்களிலும் கலை நிகழ்ச்சிகளிலும் கானா மெட்டில் பாடல்கள் பாடப்படுகின்றன. இளையோர் ஆடி மகிழ்கின்றனர். அப்பாடலை எழுதியவர் யார், முதலில் பாடியவர் யார், எந்தத் தெருவில் அது பிறந்தது என்று ஒலிவாங்கியில் ஒரு வாக்கியம் சொல்ல நாம் பழக வேண்டும். மீனவரான திருத்தூதர் ராயப்பரின் பெயரிலிருந்து இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர் வந்தது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிற நாம், அவ்வூர் மீனவர் வீட்டுப் பாட்டுக்கும் பெயருண்டு என்பதை மறக்கலாகாது.

பதிவாகாத பாடல்களையும் நாம் மதிக்க வேண்டும். எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்னும் ஆவல் இக்காலத்தில் மிகுதி. ஒரு தாயின் முன் அவள் மகனுக்காகப் பாடப்பட்ட பாட்டு அந்தத் தாய்க்கே உரியது. உலகம் அதைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அத்தகைய பாட்டு ஒன்று இன்றிரவும் வடசென்னையின் ஏதோ ஒரு சந்தில், விளக்குக் கட்டிய பந்தலின் கீழே எழக்கூடும். நாம் அறியாத ஒருவரின் பெயரை, அவரை அறிந்தவர்கள் நடுவில், பாடகர் பிழையின்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.